கொள்முதல் பிரிவுக்கு முதலில் எது: ஆய்வுச் சந்தாவா, பயிற்சியா, சான்றிதழா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த பைன்டவுனில் பிளாஸ்டிக் பேக்கேஜிங் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே ஆறு பேர். நிர்வாகம் இந்த ஆண்டு ஆய்வுக்கும் பயிற்சிக்கும் என்று ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் சந்தை அறிக்கை, மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல், ஆன்லைன் வகுப்பு எல்லாம் தருவதாக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் இரண்டு மூன்று பேரை சிஐபிஎஸ் என்ற பிரிட்டிஷ் கொள்முதல் சான்றிதழுக்குப் படிக்க வைக்கலாமே என்கிறார் உங்கள் எச்ஆர். எதை எடுப்பது, யாரை அனுப்புவது என்பது கேள்வி. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது: “அடுத்த வருஷம் ஃபைனான்ஸ் டைரக்டர் என்ன கிடைத்தது என்று கேட்டால் எதைக் காட்டுவது?”

என் பதில்: முதல் ஆறு மாதம் இரண்டுமே வேண்டாம். உங்கள் கம்பெனி கடந்த பன்னிரண்டு மாதத்தில் யாருக்கு, எதற்கு, என்ன விலைக்குப் பணம் கொடுத்தது என்ற கணக்கைச் சுத்தம் செய்யுங்கள். ஆறு பேருக்கும் அதுதான் முதல் பயிற்சி, உங்கள் பிரிவுக்கு அதுதான் முதல் ஆய்வு. அதற்குப் பிறகு எந்த வகுப்பு, எந்தச் சந்தா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.

நான் சிவகாசியில் அச்சகத்துக்குக் காகிதம் வாங்கிப் பழகி, பிறகு டர்பனுக்கு வந்து மோபெனி, ஐசிபிங்கோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருளும் உதிரிபாகமும் வாங்கியவன். இப்போது பையர்களுக்கு, அதாவது கம்பெனிக்காகப் பொருள் வாங்குகிறவர்களுக்கு, வகுப்பு எடுக்கிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் தனியார் தொழிற்சாலைக் கொள்முதலை வைத்துத்தான். அரசு நிறுவனங்களின் டெண்டர் வேறு உலகம். அங்கே அரசியலமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்முதல் சட்டம், 2024 ஜூலையில் ஜனாதிபதி கையெழுத்திட்ட பொதுக் கொள்முதல் சட்டம் என்று தனி இலக்கணமே உண்டு. அதில் நான் வேலை செய்ததில்லை. இதை இங்கே சொல்லக் காரணம், ‘சப்ளை செயின்’ என்ற பெயரில் இந்த நாட்டில் விற்கப்படும் குறும்பயிற்சிகளில் பல நகராட்சி, அரசுத் துறை ஊழியர்களை மனதில் வைத்துத் தயாரித்தவை. டெண்டர் கமிட்டியில் யார் உட்கார வேண்டும், மதிப்பெண் எப்படிப் போட வேண்டும் என்பதில் உங்கள் ஆட்கள் இரண்டு நாள் செலவழித்து வருவார்கள். பாடத்திட்டத்தை வரிவரியாகப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கணக்கைச் சுத்தம் செய்வது என்றால் என்னவென்று சொல்கிறேன். சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் கிரெடிட்டர்ஸ் பிரிவிலிருந்து பன்னிரண்டு மாத இன்வாய்ஸ் வரிகளை எக்செலில் இறக்குங்கள். சப்ளையர் பெயர், பொருள் விவரம், அளவு, விலை, பர்ச்சேஸ் ஆர்டர் எண், பணம் கொடுக்கும் கெடு, இவ்வளவு போதும். முதலில் கண்ணில் படுவது, ஒரே சப்ளையர் இரண்டு மூன்று பெயரில் பதிவாகியிருப்பது. அட்டைப்பெட்டி கொடுப்பவருக்கு ஒரு பெயரில் 30 நாள் கெடு, இன்னொரு பெயரில் உடனடிப் பணம் என்று இருக்கும். அடுத்தது பர்ச்சேஸ் ஆர்டரே இல்லாமல் வந்த இன்வாய்ஸ்கள். மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது, ஒரே பொருளை நாலு பெயரில் வாங்கியிருப்பது.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அவரவர் கம்பெனிக் கணக்கை லேப்டாப்பில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்த பெண் ஒருவர், ஸ்டோர்ஸில் வேலை பார்த்துப் பையராக ஆனவர், பேரிங் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பேரிங் 6205’, ‘6205-2ஆர்எஸ்’, ‘6205-இசட்இசட்’, ‘பால் பேரிங் 25 எம்எம்’ என்று நாலு பொருள் எண். விலையும் நாலு. 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், யார் தயாரித்தாலும் அதே அளவுதான். நாலையும் ஒன்றாக்கி ஒரே சப்ளையரிடம் வருட விலை கேட்கலாம் என்று அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “முதல்ல உங்க மெயின்டனன்ஸ் ஃபோர்மேனைக் கேளுங்கம்மா” என்றேன். அங்கிருந்தே போன் போட்டார். ஃபோர்மேன் சொன்ன பதில்: 2ஆர்எஸ் என்பது இரண்டு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்பது இரும்புத் தகடு, கழிவு பிளாஸ்டிக்கை அரைக்கும் அறையில் தூசி பறப்பதால் அங்கே ரப்பர் சீல்தான் தாங்கும், மற்ற இடங்களில் எது போட்டாலும் சரி. நாலு எண் இரண்டு எண்ணாகச் சுருங்கியது. அந்த அரை மணி நேரத்தில் அவர் கற்றுக்கொண்டது மூன்று: கணக்கைப் படிப்பது, பொருளைத் தெரிந்துகொள்வது, பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது. வெளிநாட்டு அறிக்கை எதிலும் அந்த அரவை அறை இருக்காது.

இரண்டாவது பாடம் விலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்பது. டீசல் விலை இந்த நாட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும், அது எல்லோருக்கும் தெரியும். லாரிக்காரர் வருகிறார், டீசல் 8 சதவீதம் ஏறிவிட்டது, வாடகையை 8 சதவீதம் ஏற்றுங்கள் என்கிறார். அவருடைய மொத்தச் செலவில் டீசல் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு உண்மையில் ஏறியது 3.2 சதவீதம். இந்தக் கணக்கு தெரிந்த பையர் லாரிக்காரரோடு சண்டை போடவே வேண்டியதில்லை, கால்குலேட்டரை மேசையில் வைத்தால் போதும். ஒப்பந்தத்திலேயே ‘டீசல் பங்கு இவ்வளவு, அடிப்படை மாதம் இது’ என்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் அந்தப் பேச்சும் இருக்காது. இறங்கும்போதும் அதே கணக்கில் இறங்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். பல ஒப்பந்தங்களில் ஏறுகிற பாதி மட்டும்தான் எழுதியிருக்கும்.

உங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான ரெசின். பாலிப்ரொப்பிலீன், பாலிஎதிலீன் வாங்குகிற கம்பெனிக்கு மொத்தக் கொள்முதலில் பெரும்பங்கு அங்கேதான் போகும். உள்ளூரில் தயாரிப்பவர் வைக்கும் விலை பெரும்பாலும் இறக்குமதிக்கு இணையான விலை. அதாவது அதே பொருளை நீங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் உலகச் சந்தை விலை, கப்பல் கூலி, காப்பீடு, சுங்கம், துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்து ராண்டில் எவ்வளவு ஆகுமோ, அதை ஒட்டிய விலை. பக்கத்து மாகாணத்தில் தயாரானாலும் கடல் கடந்து வந்த பொருளின் விலைதான். இது நியாயமா என்று இந்த நாட்டில் பெரிய வழக்கே நடந்தது. 2014 ஜூனில் போட்டித் தீர்ப்பாயம், சாசோல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் ப்ரொப்பிலீனுக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் மிகையான விலை வைத்ததாகச் சொல்லி 53.4 கோடி ராண்ட் அபராதம் விதித்தது. 2015 ஜூனில் போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். அந்த இரண்டு தீர்ப்புகளையும் உங்கள் ரெசின் பையர் படித்தால், விலை எப்படிக் கட்டப்படுகிறது, செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தொழிலின் உள்ளிருந்தே தெரிந்துகொள்வார். காசு கொடுக்காமல் கிடைக்கிற ஆய்வு அது. நீளமாகத்தான் இருக்கும், ஒரு மாதம் கொடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதில் இன்னும் சில உண்டு. அரசின் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ மாதாமாதம் வெளியிடும் உற்பத்தியாளர் விலைக் குறியீடு. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வு நிலையம் தயாரிக்கும் அப்சா பிஎம்ஐ, அதாவது கொள்முதல் மேலாளர் குறியீடு. இந்தக் கடைசியைப் பற்றி ஒரு வார்த்தை. டிவி செய்தியில் வருகிற இந்த எண், கொள்முதல் மேலாளர்களிடமே கேட்டுத் தொகுப்பது. ஆர்டர் கூடியதா, சரக்கு வந்துசேர நாள் கூடியதா, விலை ஏறியதா என்று கேட்டு, 50க்கு மேலிருந்தால் விரிவு, கீழிருந்தால் சுருக்கம் என்று சொல்வார்கள். மொத்த எண்ணைவிட அதோடு வரும் கொள்முதல் விலைப் பகுதிதான் நமக்கு வேண்டியது. இயந்திரம், இரும்புக் கட்டுமானம் போன்ற நீண்ட ஒப்பந்தங்களுக்கு, எஃகு, பொறியியல் தொழில்களின் கூட்டமைப்பான செய்ஃப்சா வெளியிடும் விலைக் குறியீட்டு அட்டவணைகளை இந்த நாட்டில் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டும், ஆனால் அது ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதப்படுகிற எண். ரெசினுக்கு ஐசிஐஎஸ், பிளாட்ஸ் போன்றவர்களின் விலை அறிக்கையும் அப்படித்தான். ஒப்பந்தம் எந்த அறிக்கையைச் சுட்டுகிறதோ, அந்த அறிக்கைக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சப்ளையர் சொல்வதே கணக்கு என்றாகிவிடும்.

இதைச் சொல்லும்போதே, உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர் சந்தா வேறு வகை என்பது புரிந்திருக்கும். அதில் இருப்பவை பொதுவான அறிக்கைகள், பெரிய கம்பெனிகளின் சர்வே முடிவுகள், வார்ப்புருக்கள். மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உறுதியானதும் சந்தேகமானதும் கலந்தே கிடக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். உறுதியானது எளிய கணக்குதான்: விற்பனையில் 60 சதவீதம் கொள்முதலுக்குப் போகிறது, லாபம் 10 சதவீதம் என்றால், கொள்முதலில் 5 சதவீதம் மிச்சப்படுத்தினால் லாபம் 10லிருந்து 13 ஆகும். அதே லாபத்தை விற்பனையால் கொண்டுவர வேண்டுமென்றால் 30 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும், மற்றச் செலவெல்லாம் அதே விகிதத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டால். சந்தேகமானது, ‘சிறந்த கம்பெனிகள் இத்தனை சதவீதம் மிச்சப்படுத்துகின்றன’ என்கிற வாக்கியம். மிச்சம் என்று எதைச் சொல்கிறார்கள்? போன வருட விலையைவிடக் குறைத்ததையா, சப்ளையர் கேட்ட ஏற்றத்தைத் தடுத்ததையா? ஒருவர் 12 சதவீதம் கேட்டு 7க்கு ஒப்புக்கொண்டால் 5 சதவீதம் மிச்சம் என்று எழுதுகிற பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஃபைனான்ஸ் டைரக்டரின் லாப நஷ்டக் கணக்கில் அது 7 சதவீத ஏற்றமாகத்தான் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் இடையே வரப்போகும் தகராறு இதுதான். வருடம் தொடங்குமுன்பே எதை மிச்சம் என்று எழுதுவோம் என்று அவரோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகோல்களிலும் அதே கதை. ஒரு பையர் எத்தனை ராண்ட் கொள்முதலைக் கையாளுகிறார் என்ற சராசரியைக் காட்டுவார்கள். பதில் சொன்ன கம்பெனிகள் எவை, எந்த நாட்டில், என்ன தொழிலில் என்று கேளுங்கள். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் மருந்து கம்பெனியின் சராசரி பைன்டவுன் பிளாஸ்டிக் கம்பெனிக்கு ஒன்றும் சொல்லாது. சந்தா எப்போது பயன்படும்? நீங்கள் பத்துப் பதினைந்து வகைப் பொருட்களைப் பல நாடுகளிலிருந்து வாங்குகிறீர்கள், வருவதைப் படித்துச் சுருக்கி மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வைத்திருக்கிறீர்கள் என்றால் பயன்படும். ஆறு பேர் உள்ள பிரிவில் அந்த ஆள் இருக்க மாட்டார். பாஸ்வேர்டை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போதுதான் மறுபடி நினைவு வரும்.

சந்தாக்காரர்களும் பயிற்சியாளர்களும் தவறாமல் காட்டுகிற நாலு கட்டப் படம் ஒன்று உண்டு. பீட்டர் கிராலிச் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதியது. ஒரு பொருளால் லாபத்தில் எவ்வளவு பாதிப்பு, அது கிடைப்பதில் எவ்வளவு ஆபத்து என்ற இரண்டையும் வைத்துப் பொருட்களை நாலு கட்டத்தில் போடுவது. நாற்பது ஆண்டுக்குப் பிறகும் நான் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் டாய்லெட் பேப்பருக்கும் ரெசினுக்கும் ஒரே அளவு நேரம் செலவழிக்கும் பழக்கத்தை அது உடைக்கிறது. குறை என்னவென்றால் அது வாங்குகிறவர் கண்ணால் மட்டும் பார்க்கிறது. உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் சப்ளையரின் பட்டியலில் நீங்கள் நாற்பதாவது ஆளாக இருக்கலாம். அப்போது படம் சொல்கிற வீரமெல்லாம் செல்லாது.

கிடைப்பதில் ஆபத்து என்ற அந்த அச்சை டர்பன்காரர்களுக்கு யாரும் புத்தகத்தை வைத்து விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் என்3 நெடுஞ்சாலை அடைபட்டது, லாரிகள் எரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி, துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் மீது சைபர் தாக்குதல், கன்டெய்னர் டெர்மினல்களில் கட்டுப்பாட்டுக்கு மீறிய நிலை என்று அறிவித்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலை அரித்துப்போனது, ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள் தண்ணீர் புகுந்து பல மாதம் உற்பத்தி நின்றது. 2023 நவம்பரில் கப்பல்கள் வெளியே வரிசைகட்டி நின்றன. என் வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு: உங்கள் முதல் இருபது சப்ளையர்களின் கிடங்கு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் புள்ளி வையுங்கள், பிறகு எத்தனை பேர் ஒரே சாலையை நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு சப்ளையர் வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களில் பலருக்கு, அந்த இரண்டு பேரும் அடுத்தடுத்த கிடங்கில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

இனி சான்றிதழ். சிஐபிஎஸ் பிரிட்டனில் 1932இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் வழி வந்தது, 1992இல் அரச சாசனம் பெற்றது. நிலை நான்கு டிப்ளமா, ஐந்து, ஆறு என்று ஏறி, ஆறாம் நிலையும் மூன்று ஆண்டு அனுபவமும் இருந்தால் எம்சிஐபிஎஸ் என்று பெயருக்குப் பின்னால் போடலாம். தென்னாப்பிரிக்காவில் பெரிய சுரங்க, வங்கிக் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பார்கள். ஆகவே அது படிக்கிறவருக்கு நிச்சயமாக நல்லது. கம்பெனிக்கு நல்லதா என்பது, திரும்பி வந்தவருக்கு நீங்கள் என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாலாம் நிலை படித்த பையனை மறுபடி கொட்டேஷன் டைப் அடிக்கும் நாற்காலியில் உட்காரவைத்தால் ஜோகனஸ்பர்க்குக்குக் கிளம்பிவிடுவான். படிப்புச் செலவுக்கு ஈடாக இத்தனை காலம் இங்கே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம் போடுவது வழக்கம்தான், போடுங்கள். ஆனால் மனதில்லாத ஆளைக் காகிதம் கட்டிப்போடாது. உங்கள் பிரச்சினை ஸ்டாக், உற்பத்தித் திட்டம் பக்கம் இருந்தால் சிஐபிஎஸ்ஸைவிட 1966 முதல் இயங்கும் சாபிக்ஸ் என்ற தென்னாப்பிரிக்கத் தொழில்முறைச் சங்கம் வழியாகக் கிடைக்கும், உற்பத்தியையும் ஸ்டாக்கையும் திட்டமிடுவதற்கான சிபிஐஎம் படிப்பு பொருத்தம். அதைப் பலர் யோசிப்பதில்லை.

இரண்டு நாள் பேரம்பேசும் பயிற்சி பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் பிடித்த வகுப்பு அது. நடிப்பு, சிரிப்பு, நல்ல சாப்பாடு. டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் பயிற்சியை அளக்க நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் வந்ததா. ஹோட்டலில் நிரப்பித் தரும் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. பேரம்பேசும் பயிற்சியால் மட்டும் விலை குறைந்தது என்று காட்ட நேர்மையான வழி இல்லை என்பதே என் எண்ணம். சந்தை விழுந்ததா, ராண்ட் ஏறியதா, புது சப்ளையர் வந்தாரா என்பதையெல்லாம் பிரித்தெடுக்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால் நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொருவரும் அடுத்த மூன்று மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய ஒரு உண்மையான ஒப்பந்தத்தோடு வரட்டும், அதன் செலவுக் கணக்கை வகுப்பிலேயே போடட்டும், பயிற்சியாளர் மூன்று மாதம் கழித்து வந்து அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கட்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒப்புக்கொள்பவர்கள் சிலரே, கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

ஒரு பயிற்சி மட்டும் தள்ளிப்போடவே கூடாதது: பிபிபிஇஇ, அதாவது கறுப்பினத்தவரின் பொருளாதாரப் பங்கை உயர்த்த, கம்பெனிகளுக்கு நிலை போட்டு மதிப்பிடும் சட்டம். உங்கள் வாடிக்கையாளர்கள் உங்கள் மதிப்பீட்டைப் பார்க்கிறார்கள், அதில் உங்கள் சப்ளையர்களின் நிலை ஒரு பகுதி. முதல் நிலை சப்ளையரிடம் 100 ராண்டுக்கு வாங்கினால் 135 ராண்டாகக் கணக்கு, நாலாம் நிலையில் 100, எட்டாம் நிலையில் 10, சான்றிதழே இல்லாவிட்டால் பூஜ்யம். சான்றிதழுக்கு ஆயுள் பன்னிரண்டு மாதம். காலாவதியான காகிதத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு மதிப்பீட்டு நாளன்று ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பொதுவான விதிப்படி ஆண்டு விற்பனை 1 கோடி ராண்டுக்குள் இருக்கும் சிறு கம்பெனி பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே போதும், அவரிடம் போய் ஆடிட் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்காதீர்கள். பெயருக்கு ஒருவரைப் பங்குதாரராக்கி நிறுத்துவது 2013ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குற்றம், தனி மனிதருக்குப் பத்து ஆண்டு வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம். பையருக்கு மூக்கில் வாசனை பட்டால் மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவிக்கச் சொல்லிக்கொடுங்கள். கூடவே சப்ளையர் கொடுக்கும் தீபாவளி ஹேம்பரை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பதிவேடு வையுங்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம்தானே என்று தொடங்குவதுதான் எல்லாம்.

பணத்துக்கு வருகிறேன். சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் கம்பெனி அதில் 1 சதவீதம் திறன் மேம்பாட்டு லெவி கட்டுகிறது, உங்கள் கம்பெனியும் கட்டிக்கொண்டுதான் இருக்கும். பணியிடத் திறன் திட்டத்தையும் ஆண்டுப் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் உங்கள் செட்டாவுக்கு, அதாவது உங்கள் தொழிலுக்கான பயிற்சி ஆணையத்துக்கு, கொடுத்தால் கட்டியதில் 20 சதவீதம் கட்டாய மானியமாகத் திரும்பக் கிடைக்கும், மேற்கொண்டு விருப்ப மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். பிளாஸ்டிக் தொழில் மெர்செட்டாவின் கீழ் வருகிறது. உங்கள் எச்ஆர் அந்தத் திட்டத்தில் மெஷின் ஆபரேட்டர்களை மட்டும் எழுதி, கொள்முதல் பிரிவை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். போய்ப் பாருங்கள். இன்னொன்று, நம்மவர்கள் பலருக்குத் தெரியாதது: பயிற்சிச் செலவுக்கு பிபிபிஇஇ புள்ளி கிடைக்க வேண்டுமென்றால் பயிற்சி பெறுபவர் ‘கறுப்பினத்தவர்’ என்ற சட்டத்தின் வரையறைக்குள் வர வேண்டும், இந்திய வம்சாவளியினரும் அதில் அடக்கம். இங்கே பிறந்த ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் தமிழர் குடிமகனாக இருந்தால் வருவார். என்னைப் போல 1994 ஏப்ரல் 27க்குப் பிறகு வந்து குடியுரிமை வாங்கியவர் வரமாட்டார். அதற்காக அப்படிப்பட்டவரை அனுப்பக் கூடாது என்றில்லை, புள்ளியை எதிர்பார்த்து பட்ஜெட் போடாதீர்கள் என்கிறேன்.

கடைசியாக, யாரை அனுப்புவது. உங்கள் ஆறு பேரில் ஒருவர் கிரெடிட்டர்ஸ் பிரிவிலிருந்து மாறி வந்த இளம்பெண், மூன்று பேர் நாலைந்து ஆண்டு அனுபவமுள்ள பையர்கள், ஒருவர் ஷிப்பிங் பார்ப்பவர், ஒருவர் ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும் மூத்தவர், ரெசினெல்லாம் அவர் கையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் ஆறு மாதம் முடிந்ததும் கிரெடிட்டர்ஸிலிருந்து வந்தவரை சிஐபிஎஸ் நாலாம் நிலைக்குப் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் கணக்குச் சுத்தம் செய்யும் ஆறு மாத வேலையையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள், இன்வாய்ஸ் எங்கே எப்படிப் பதிவாகிறது என்பது மற்ற ஐந்து பேரைவிட அவருக்குத்தான் தெரியும். ஷிப்பிங் பார்ப்பவருக்கு இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிச்சொற்கள் பற்றிய ஒரு நாள் வகுப்பு போதும், எஃப்ஓபி (கப்பலில் ஏற்றுவது வரை) விலையையும் டிடிபி (சுங்கம் கட்டி வாசலில் தருவது வரை) விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் இருக்கக் கற்றுக்கொண்டால் சரி. மூன்று பையர்களும் இந்த ஆண்டு வெளியே போக வேண்டாம், ஆளுக்கு ஐந்து ஒப்பந்தம் கொடுத்துச் செலவைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மூத்தவரை எந்த வகுப்புக்கும் அனுப்பாதீர்கள், அவர் மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம். வாரத்தில் ஒரு மதியம் மற்ற ஐந்து பேரையும் அவர் அறையில் உட்காரவைத்து, ரெசின் ஒப்பந்தத்தின் விலைச் சூத்திரத்தை வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள்: எந்த மாத விலை, எந்த நாள் ராண்ட் மதிப்பு, யார் எதற்கு எப்போது ஒப்புக்கொண்டது. ஒருவர் அதை எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பும், சுத்தமான சப்ளையர் பட்டியலும், நீங்களும் ஃபைனான்ஸ் டைரக்டரும் கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கமும் கையிலிருந்தால், சந்தாக்காரர் அடுத்த முறை வரும்போது அவரிடம் எந்த அறிக்கை வேண்டும் என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்கலாம்.